தாய்ப் பத்திரமும் அந்நியச் சாவியும்

திண்டுக்கல் என்றவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பூட்டு என்பார்கள் பலர். புகையிலை, சுருட்டு என்பார்கள் பழைய தலைமுறையினர். பிரியாணி என்பார்கள் இக்காலத்து இளைஞர்கள். மலைக்கோட்டை என்று சொல்கிறவர்கள் ஒன்று சரித்திரம் படித்தவர்களாக இருப்பார்கள்; அல்லது பஸ்ஸை விட்டு இறங்கியதும் அண்ணாந்து பார்த்தவர்களாக இருப்பார்கள். பூட்டுக்கு 2019-ல் சர்க்கார் புவிசார் குறியீடு கூடக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது பூட்டைப் பற்றி அல்ல, சாவியைப் பற்றி. அதுவும் இரும்புச் சாவி அல்ல.

என் தங்கை மகனுக்குப் பெங்களூரில் உத்தியோகம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்குப் புத்தகங்களைப் பழுது பார்க்கிற வேலை. சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், கரும்பைக் கூடத் தொடாமல், திண்ணையில் உட்கார்ந்து இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான்.

"என்ன மாப்பிள்ளை, வயிற்று வலியா?" என்று கேட்டேன்.

"ஃபாரின் கீ தகராறு, மாமா" என்றான்.

நான் திண்டுக்கல்காரன். சாவி என்ற சொல் காதில் விழுந்தால் சும்மா இருக்க முடியுமா? "அந்நியச் சாவியா? அடுத்த வீட்டுச் சாவி உன்னிடம் எப்படி வந்தது?" என்றேன். அவன் சிரித்தான். "கிட்டத்தட்ட அதேதான் மாமா. ஒரு புத்தகத்தில் எழுதுகிற எண், இன்னொரு புத்தகத்தின் சாவியாக இருக்க வேண்டும். அங்கே அப்படி ஓர் எண் இல்லையென்றால், இங்கே எழுத விடமாட்டேன் என்று இயந்திரம் மறுத்துவிடும். இப்போது மறுத்துக்கொண்டிருக்கிறது."

எனக்குச் சட்டென்று எங்கள் அத்தையின் நிலத் தகராறு நினைவுக்கு வந்தது. உள்ளே போய் அவளுடைய பழைய தஸ்தாவேஜுக் கட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் போட்டேன். அன்று மத்தியானம் வரை இருவரும் அதிலேயே ஆழ்ந்திருந்தோம். அந்த மத்தியானத்தின் பலன்தான் இந்தக் கட்டுரை.

அத்தையின் விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் இருநூறு வருஷம் பின்னே போக வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், நம் ஜில்லாவில் எந்த வரப்புத் தகராறுக்கும் அவ்வளவு தூரமாவது போகாமல் முடியாது.

1755-ல் ஹைதர் அலி மைசூர் ராஜ்யத்தின் சார்பில் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்தார். பின்னால் ராஜ்யத்தையே பிடித்தவருக்கு இந்த மலையடிவாரம்தான் முதல் படி. அவர் குமாரர் திப்பு சுல்தான் 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் கும்பினியாருக்கு விட்டுக்கொடுத்த சீமைகளில் திண்டுக்கல்லும் ஒன்று. கோட்டை கைக்கு வந்தது. பீரங்கிகள் கைக்கு வந்தன. ஆனால் எந்த வயல் யாருடையது, அதற்கு எவ்வளவு தீர்வை என்கிற கணக்கு மட்டும் கும்பினியார் கைக்கு வரவில்லை. அது கிராமக் கணக்குப்பிள்ளையின் பனையோலையில் இருந்தது. கணக்குப்பிள்ளையின் தலைக்குள் இருந்தது என்று சொல்வது இன்னும் பொருத்தம்.

1796-ல் ஹர்டிஸ் என்னும் துரை கலெக்டராக வந்தார். நம் சீமையின் வயல்களை அளந்து கணக்கெழுதச் செய்தவர் அவர். அந்தக் காலத்து அளவைக்குப் பைமாஷ் என்று பெயர். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பைமாஷ் நம்பர். ஹர்டிஸ் அளந்து முடித்த சில வருஷங்களுக்குள்ளேயே, சீமையைப் பல ஜமீன்களாகத் துண்டு போட்டு விற்றுப் பார்த்தார்கள். தீர்வை தாங்க முடியாமல் பல ஜமீன்கள் சீக்கிரத்திலேயே சர்க்காரிடம் திரும்பி வந்தன. பிறகு கிராமத்தைக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தார்கள். கடைசியில் ரயத்துவாரிக்கு வந்து சேர்ந்தார்கள். சர்க்காருக்கும் குடியானவனுக்கும் நடுவே ஒருவரும் இல்லை. ஒரு காகிதம் மாத்திரமே. அந்தக் காகிதந்தான் பட்டா.

1858-ல் சென்னை ராஜதானியில் சர்வே இலாகா ஏற்பட்டது. சங்கிலி போட்டு அளந்து, கல் நட்டு, படம் வரைந்து, ஒவ்வொரு வயலுக்கும் சர்வே நம்பர் கொடுத்தார்கள். இங்கேதான் முதல் தகராறு பிறக்கிறது. பழைய கிரயப் பத்திரத்தில் பைமாஷ் நம்பர் இருக்கும். புதிய கணக்கில் சர்வே நம்பர் இருக்கும். இரண்டும் ஒரே வயல்தான் என்பதற்கு ஒரு ஒப்புப் பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலில் ஒரு வரி விட்டுப்போனால், பத்திரம் கையில் இருந்தும் வயல் இல்லாதவனாகிறான் குடியானவன்.

"இதுதான் மாமா! புத்தகத்தின் சாவியை மாற்றிவிட்டார்கள், சாவியை நம்பியிருந்த மற்றப் புத்தகங்களுக்குச் சொல்லவில்லை" என்று மாப்பிள்ளை துள்ளிக் குதித்தான். அவனுடைய தொழிலில் இந்த விதியை வகுத்தவர் காட் என்னும் ஓர் ஆங்கிலேயராம். இரண்டாம் உலக யுத்தத்தில் விமானம் ஓட்டியவர். பிறகு அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் இருந்துகொண்டு 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். தகவல்களையெல்லாம் தனித்தனி அட்டவணைகளாக வைத்துக்கொள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சாவி கொடு. ஓர் அட்டவணை மற்றோர் அட்டவணையைக் குறிப்பிட வேண்டுமானால் அந்தச் சாவியை எழுது என்பதே அவர் சொன்னதன் சாரம். அதற்காக 1981-ல் ட்யூரிங் பரிசு கொடுத்தார்கள். நம் தாலுகா ஆபீஸ் ரிக்கார்டு ரூமுக்கு அவர் ஒரு தடவை வந்திருந்தால், தம் கருத்துக்கு முன்னோடிகள் தூசி படிந்து கிடப்பதைக் கண்டு சந்தோஷப்பட்டிருப்பார்.

யோசித்துப் பாருங்கள். கிராமத்தில் 'அ' பதிவேடு என்று ஒன்று உண்டு. அது வயல் வாரியாக எழுதப்பட்டது. ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் எதிரே அது எந்தப் பட்டாவில் இருக்கிறது என்று போட்டிருக்கும். சிட்டா என்று இன்னொன்று. அது பட்டா வாரியாக எழுதப்பட்டது. ஒவ்வொரு பட்டாவுக்கும் எதிரே அதில் எந்தெந்த சர்வே நம்பர்கள் இருக்கின்றன என்று போட்டிருக்கும். இது அதைச் சுட்டுகிறது. அது இதைச் சுட்டுகிறது. சாகுபடிக்கு அடங்கல், எல்லைக்குப் புலப்படம் என்று இன்னும் உண்டு. எல்லாவற்றுக்கும் நூல் ஒன்றுதான்: அந்த நம்பர்.

இரண்டு புத்தகங்கள் ஒன்றையொன்று சுட்டினால், எதை முதலில் எழுதுவது? பட்டாவை எழுதப் போனால், வயல் எங்கே என்று கேட்கும். வயலை எழுதப் போனால், பட்டா எங்கே என்று கேட்கும். இயந்திரக் கணக்கில் இது பெரிய தலைவலியாம். ஒன்று, ஒரு பக்கத்துக் கட்டத்தை வெறுமையாக விட்டு எழுதிவிட்டு, மற்றதை எழுதியபின் திரும்பி வந்து நிரப்ப வேண்டும். அல்லது, வேலை முழுவதும் முடிகிற வரையில் சோதனையைத் தள்ளிவைக்கும்படி இயந்திரத்துக்கு உத்தரவிட வேண்டும். எல்லா இயந்திரங்களும் இந்த இரண்டாவது உத்தரவுக்குக் கட்டுப்படுவதில்லை என்றான் மாப்பிள்ளை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தள்ளிவைத்த சோதனைக்குத்தான் நம்மவர்கள் ஜமாபந்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! பசலி வருஷம் ஜூலையில் பிறக்கும். அது முடிவதற்கு முன்னால், கத்திரி வெயிலின் சமயத்தில், ஷாமியானா போட்டு, மேஜைக்குப் பச்சைத் துணி விரித்து, கிராமக் கணக்குகளை வரிசையாக ஒப்புப் பார்ப்பார்கள். வருஷம் முழுவதும் கணக்குப்பிள்ளை என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். அன்றைக்கு எல்லாம் பொருந்தியாக வேண்டும். பொருந்தாவிட்டால் அவர் பாடு திண்டாட்டம். பொருந்தச் செய்வதற்கு அவர் முதல் நாள் ராத்திரி விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு என்னென்ன செய்தார் என்பது வேறு கதை.

1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தினால் அந்தக் கணக்குப்பிள்ளைகளின் பரம்பரை முடிந்தது. கர்ணம், மணியம் ஆகிய பகுதி நேர உத்தியோகங்கள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். 1982-ல் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. பரம்பரை உத்தியோகம் போனதற்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. கர்ணம் வீட்டுத் திண்ணையில் கைகட்டி நின்றவர்களைக் கேட்டால் தெரியும், அது போனதில் எத்தனை பேருக்கு மூச்சு வந்தது என்று. ஆனால் தலைக்குள் இருந்த கணக்கைச் சட்டம் போட்டு ஒப்படைக்கச் செய்ய முடியாதல்லவா? 'இந்த நம்பர் தப்பு, உண்மையில் அது ஓடைக்கரை வயல்' என்று தெரிந்த ஒரே மனிதர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

அதுவும் எப்படிப்பட்ட சமயத்தில்! 1979-ல் தொடங்கி 1987 வரையில் தமிழ்நாடெங்கும் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் திட்டம் நடந்தது. யு.டி.ஆர். என்று இன்றைக்கும் கிராமத்துக் கிழவிகள் கூடச் சொல்வார்கள். செத்துப்போனவர் பெயரில் இருந்த பட்டாக்களை வாரிசுகள் பெயருக்கு மாற்றி, புதிய பட்டா நம்பர்கள் கொடுத்தார்கள். நல்ல எண்ணம், அவசியமான காரியம், பிரம்மாண்டமான வேலை. அதன் நடுவில் 1985 செப்டம்பர் 15-ந் தேதி மதுரை ஜில்லாவிலிருந்து திண்டுக்கல் தனி ஜில்லாவாகப் பிரிந்தது. லட்சக்கணக்கான வரிகளைக் கையால் பெயர்த்தெழுதும்போது கை வழுக்காமல் இருக்குமா? 'யு.டி.ஆர். பிழை' என்று கோர்ட்டுகளிலும் கலெக்டர் ஆபீஸ்களிலும் இன்றுவரை மனுக்கள் வந்துகொண்டிருக்கின்றன.

இப்போது அத்தையிடம் வருவோம்.

அத்தைக்கு ஒரு ஏக்கர் எண்பது சென்ட். குடகனாற்றுக்குப் போகும் ஓர் ஓடையின் கரையில் இருக்கிறது. கல்யாணத்தின்போது என் பாட்டனார் எழுதிக் கொடுத்தது. நாற்பது வருஷமாக முருங்கையும் சோளமும் போட்டு, தீர்வை கட்டி, அனுபவித்து வந்தாள். மகனுக்கு இருதயத்தில் வால்வு பழுதாகி ஆபரேஷன் என்று வந்தபோதுதான் விற்பதற்குத் துணிந்தாள். வாங்குவதற்கு ஆளும் தயார். ஆனால் பட்டாவில் இருந்த நம்பருக்கும் நிலத்துக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். அந்த நம்பர் பக்கத்து வயல்காரர் பட்டாவிலும் இருந்தது. ஒரு ஆபீஸில் இன்னொரு ஆபீஸுக்குப் போ என்றார்கள். அங்கே போனால் முதல் ஆபீஸுக்கே திரும்பிப் போ என்றார்கள். எந்த ஆபீஸ் என்று நான் எழுதப்போவதில்லை. அங்கிருந்த குமாஸ்தாவும் பிள்ளைகுட்டிக்காரர்.

மாப்பிள்ளை காகிதங்களைப் பரப்பினான். முதலில் அவன் செய்த காரியம் எனக்கு விசித்திரமாக இருந்தது. "யார் தப்பு என்று தேடக்கூடாது மாமா. அநாதை யார் என்றுதான் தேட வேண்டும்" என்றான். அதாவது, ஒரு புத்தகத்தில் குறிப்பிட்டிருந்தும் மற்றொரு புத்தகத்தில் இல்லாத நம்பர்களை மட்டும் தனியே எடுத்து எழுத வேண்டும். இயந்திரத்திலும் அதையேதான் செய்வார்களாம். பிள்ளை அட்டவணையையும் தாய் அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, தாய் இல்லாத பிள்ளைகளை எல்லாம் முன்னே வரச் சொல்வது. பாதி வியாதி அங்கேயே தெரிந்துவிடும்.

மீதி வியாதிகளையும் அவன் விவரித்தான். சில சமயம் தாயும் இருப்பாள், பிள்ளையும் இருக்கும். ஆனால் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாது. ஒரு புத்தகத்தில் எண்ணை எண்ணாக எழுதியிருப்பார்கள். மற்றொன்றில் எழுத்தாக எழுதியிருப்பார்கள். ஒன்றில் 7; மற்றொன்றில் 007. ஒன்றின் வாலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி. மனிதன் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, இயந்திரத்துக்கு வெவ்வேறு. சில சமயம் தாய்ப் புத்தகத்திலேயே ஒரே சாவி இரண்டு வரிகளில் இருக்கும்; எந்தத் தாய் என்று இயந்திரம் விழிக்கும். சில சமயம் வரிசைதான் தப்பு. பிள்ளையை முதலில் ஏற்றிவிட்டுத் தாயைப் பிறகு ஏற்றப் பார்ப்பார்கள். அழிக்கும்போதோ நேர்மாறு. பிள்ளை இருக்கும்போது தாயை அழிக்கப் போனால் இயந்திரம் குறுக்கே நிற்கும். 'தாயோடு பிள்ளைகளையும் அழித்துவிடு' என்று முன்னதாகவே எழுதி வைக்கலாம். ஆனால் அப்படி எழுதி வைத்தவன் ராத்திரி நிம்மதியாகத் தூங்க முடியாது. ஒரு வரியை அழித்தால் ஓர் ஊரே அழியும்.

"இதெல்லாம் தொல்லை என்று சில பேர் சோதனையையே நிறுத்தி வைத்துவிட்டு மூட்டை மூட்டையாகக் கணக்கை ஏற்றுவார்கள் மாமா. வேகமாக ஏறும். பிறகு சோதனையை மறுபடி போடுவார்கள். ஆனால் பழைய வரிகளைத் திரும்பிப் பார்க்கும்படி சொல்லாவிட்டால், பல இயந்திரங்கள் திரும்பிப் பார்க்காது. அநாதைகள் உள்ளேயே தங்கிவிடும்." பிரபலமான மை எஸ்க்யூஎல் என்னும் மென்பொருளில் பழைய வகை அட்டவணை ஒன்று உண்டாம். அந்நியச் சாவி போடச் சொன்னால் மறுப்பே சொல்லாமல் தலையாட்டிவிட்டு, அப்படியே காற்றில் விட்டுவிடுமாம். எங்கள் ஊர்ப் பாஷையில் சொன்னால், பூட்டுத் தொங்குகிறது, நாதாங்கியில் மாட்டவில்லை.

அத்தையின் கட்டில் அநாதை கிடைத்தது. (நம்பர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) 'அ' பதிவேட்டில் 112/3பி என்ற வயலுக்கு எதிரே 214-ஆம் பட்டா என்று இருந்தது. சிட்டாவில் 214-ஆம் பட்டாவே இல்லை! அது யு.டி.ஆருக்கு முந்திய பழைய பட்டா நம்பர். புதுச் சிட்டா எழுதியபோது பட்டாவுக்குப் புது நம்பர் வந்தது. வயல் புத்தகத்தில் பழைய நம்பரே தங்கிவிட்டது. சரி, அத்தையின் புதிய பட்டாவில் என்ன இருந்தது? 112/3ஏ. அந்த வயல் உண்டு. ஆனால் அது பக்கத்து வயல்காரருடையது.

இந்த இரண்டாவது பிழையைப் பார்த்து மாப்பிள்ளை உதட்டைப் பிதுக்கினான். "முதல் பிழையை எந்த இயந்திரமும் பிடித்துவிடும். இதைப் பிடிக்காது மாமா. அந்த நம்பரில் ஒரு வயல் இருக்கிறதா என்றுதான் அது கேட்கும். இருக்கிறது. அது பாட்டியின் வயல்தானா என்று கேட்க அதற்குத் தெரியாது."

எப்படி வந்தது இந்தப் பிழை? பழைய கர்ணம் எழுதிய ஒரு தீர்வை ரசீது கட்டின் அடியில் கிடந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். அவர் உட்பிரிவுகளைத் தமிழில் எழுதியிருந்தார்: 3அ, 3ஆ. அத்தையுடையது 3ஆ. அதாவது இரண்டாவது உட்பிரிவு; இங்கிலீஷில் 'பி'. பெயர்த்தெழுதியவர் 'ஆ'வைப் பார்த்தார். 'ஆ' என்றால் இங்கிலீஷில் 'ஏ'தானே என்று நினைத்தார். எழுதிவிட்டார். ஒரு காலெழுத்து! அந்தக் காலை ஊன்றி ஒரு ஏக்கர் எண்பது சென்ட் நடந்து பக்கத்து வயலுக்குப் போய்விட்டது.

ஆனால் இதை நாங்கள் கண்டுபிடித்தால் போதுமா? ஆபீஸில் நிரூபிக்க வேண்டுமே! அதற்கு உதவியது என் பாட்டனார் எழுதிக்கொடுத்த பத்திரம். அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர்கள் நம்பரை மட்டும் நம்பியவர்கள் அல்லர். நான்கெல்லை எழுதுவார்கள். 'ஓடைக்கு வடக்கு, வண்டிப் பாதைக்குக் கிழக்கு' என்று திசைக்கு ஒன்றாக. ஏ வயலுக்கு ஓடை எட்டாது. பி வயலுக்குத்தான் தெற்கே ஓடை. சர்வே நம்பர் மாறும். பட்டா நம்பர் மாறும். ஓடை எங்கே போகும்?

தாய்ப் பத்திரம் என்று ஜனங்கள் ஏன் சொல்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. இயந்திரக்காரர்களும் 'தாய்' என்றும் 'பிள்ளை' என்றுமே பேசுகிறார்கள். நம் பத்திர எழுத்தர்கள் அவர்களுக்கு வெகு காலத்துக்கு முன்பே அந்த உறவைக் கண்டுகொண்டு பெயரிட்டுவிட்டார்கள்.

இந்தத் தாயைக் கட்டாயமாக்கிவிட்டால் என்ன என்று தமிழ்நாட்டுச் சர்க்காருக்கும் ஒரு யோசனை வந்தது. 2022-ல் பதிவு விதிகளில் 55-ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். முந்திய மூலப் பத்திரத்தைக் காட்டாவிட்டால் சப்-ரிஜிஸ்திரார் புதுப் பத்திரத்தைப் பதியக்கூடாது என்று. போலிப் பத்திரங்கள் மலிந்துவிட்ட காலத்தில் நியாயமான பயந்தான். ஆனால் விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போயிற்று. 2025 ஏப்ரல் 7-ந் தேதி கோர்ட்டார் அந்த விதி 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்துக்கு முரணானது என்று தள்ளிவிட்டார்கள். விற்கிறவனுக்கு உரிமை உண்டா இல்லையா என்று ஆராய்வது பதிவு அதிகாரியின் வேலை அல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம். எனக்கு இரண்டு பக்கமும் மனம் போகிறது. பூட்டு இறுக்கமாக இருந்தால் திருடனுக்கு மட்டுமா கஷ்டம்? வெள்ளத்தில் பெட்டியைப் பறிகொடுத்த குடும்பத்துக்கும் கஷ்டந்தான். ஆனால் அத்தை போன்றவர்களுடைய வயலை வேறொருவன் விற்றுவிட்டுப் போனால், அப்புறம் கோர்ட்டு ஏறி இறங்க அவளுக்குக் கால் ஏது?

மனுவில் மாப்பிள்ளை இரண்டே விஷயங்கள் எழுதச் சொன்னான்: எந்தப் புத்தகத்தில் எந்த வரி, எந்தப் புத்தகத்தின் எந்த வரியைச் சுட்ட வேண்டும் என்று. அத்தையின் வைதவ்யம், மகனின் இருதயம், நாற்பது வருஷத் தீர்வை ஒன்றையும் எழுதவிடவில்லை. நாவலாசிரியனுக்கு இதைவிடத் தண்டனை வேறு வேண்டுமா? ஆனாலும் அவன் சொன்னபடியே எழுதினேன். பழைய ரசீதையும் பத்திரத்தின் நகலையும் புலப்படத்தையும் சேர்த்தோம். திருத்துகிற வரிசையையும் குறித்தோம்: முதலில் அத்தையின் பட்டாவில் 3பி-யைச் சேர்க்க வேண்டும், அப்புறம் 'அ' பதிவேட்டில் 214-ஐ மாற்ற வேண்டும், கடைசியாகத்தான் 3ஏ-யை எடுக்க வேண்டும். முதலிலேயே 3ஏ-யை எடுத்துவிட்டால் நடுவில் அத்தைக்கு ஒன்றுமே இருக்காது. அந்த நடுவில் ஓர் அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டால்?

பதினோரு மாதம் ஆயிற்று. அதற்குள் ஆபரேஷனை வட்டிக்கு வாங்கி முடித்தாகிவிட்டது, பையன் பிழைத்துக்கொண்டான். வாங்க இருந்தவர் வேறு நிலம் பார்த்துக்கொண்டார். இப்போது வட்டிக்காக அரை ஏக்கரை மட்டும் விற்கலாமா என்று யோசனை. அப்படியானால் 3பி-யை மறுபடி இரண்டாகப் பிரிக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு இதைப் போனில் சொன்னபோது, மறுமுனையில் சிறிது நேரம் சத்தமே இல்லை.

புதுப் பட்டாவை அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவளுக்குப் பள்ளிக்கூடப் படிப்பு மூன்றாம் வகுப்பு.

"இதென்னப்பா 'பி'? அது ஆவன்னாதானே?" என்றாள்.

ஆவன்னாதான் என்றேன். பட்டாவை மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்து, மாங்காய்ப் பூட்டைப் போட்டாள்.